ஜிப் கோடு

டெட்ராய்ட்டில் வேலை கிடைத்ததும் நண்பர் ஒருவர் சொன்ன முதல் அறிவுரை, "எட்டு மைல் ரோட்டுக்குத் தெக்க வீடு பாக்காதீங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. 'அந்தத் தெருவுக்குள்ள போகாதே' என்று ஊரில் பாட்டி சொல்லும்போதும் கேட்டதில்லை. அந்த ரோடுதான் டெட்ராய்ட்டின் வடக்கு எல்லை. அதைத் தாண்டி வடக்கே டிராய் நகரத்தில் வீடு பிடித்தேன். பாரதீய கோயில் பக்கம், நல்ல பள்ளிக்கூடம்.

வீட்டுக்கடன் கேட்பவர்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் எழுதுவது என் வேலை. ஒரு கூட்டத்தில், "இதில் இனம் என்ற தகவலே கிடையாது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். விதிமுறைகளைச் சரிபார்க்கும் பிரிவில் ஓய்வு பெறும் வயதில் ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். அதிகம் பேசமாட்டார்.

"ஜிப் கோடு இருக்கா?" என்று கேட்டார். நம்மூர் பின்கோடு மாதிரிதான் அது.

"இருக்கு."

"அப்ப இனமும் இருக்கு."

யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் திடீரென்று லேப்டாப்பில் அவசர வேலை. எங்கள் அலுவலகத்தில் இதற்கென்று வருடாவருடம் பயிற்சி உண்டு: நாற்பது நிமிட வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி. நான் எப்போதும் முழு மார்க்.

மறுநாள் மதியம், "சாப்பாட்டைக் கையில எடுத்துக்கோ" என்று அவர் காரில் கூட்டிப்போனார். எட்டு மைல் ரோட்டைத் தாண்டி, ஒரு விளையாட்டுத் திடலை ஒட்டி நிறுத்தினார். ஆறடி உயர கான்கிரீட் சுவர். திடல் ஓரத்தில் மட்டும் ஓவியங்கள். அதற்கப்பால் வீடுகளின் கொல்லைப்புறங்கள் வழியே சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டே இருந்தது. அரை மைல் நீளம்.

1941இல் இதற்கு மேற்கே வெள்ளையருக்கு வீடு கட்ட வந்தவருக்குக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. காரணம், பக்கத்திலேயே கறுப்பினக் குடியிருப்பு. இடையில் சுவரை எழுப்பினார், உத்தரவாதம் வந்தது. அந்தக் காலத்து வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள். சிவப்பு என்றால் கடன் ஆபத்து. 1968இல் சட்டம் வந்து வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது. பிறகு வெள்ளையர்கள் வடக்கே போய்விட, இன்று சுவருக்கு இரு பக்கமும் கறுப்பினத்தவர்தான்.

"இதுலதான் பந்து அடிச்சு விளையாடுவோம்" என்றார். "எதுக்கு இந்தச் சுவர்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லல. பெரியவளாகி நானே படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

சாண்ட்விச்சைப் பிரித்தபடி, "உனக்கு வீடு எங்கே?" என்று கேட்டார். டிராய் என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் ஏதாவது சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடம், கோயில் என்று எல்லாம் தயாராகத்தான் இருந்தன. எட்டு மைலுக்குத் தெற்கே ஒரு வீட்டையாவது போய்ப் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை.

ஜிப் கோடை எடுத்துவிட்டு மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். கணிப்பின் துல்லியம் லேசாகத்தான் குறைந்தது. மேலாளர், "அந்த லேசுக்குத்தானே நமக்குச் சம்பளம்" என்றார். மூன்று கூட்டம் ஆயிற்று. ஒருவழியாக எடுத்தோம்.

போன மாதம் மதுரையிலிருந்து புதிதாக ஒரு தம்பி சேர்ந்தார். முதல் நாளே கேட்டார்: "அண்ணா, வீடு எந்தப் பக்கம் பாக்கலாம்?"

"சனிக்கிழமை ஃப்ரீயா இருப்பீங்களா?" என்றேன். "கார்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்து பேசலாம்."