பிக்கப்புக்குப் பனிமூட்ட விளக்கு: பொருத்திய நாட்களின் குறிப்பு

நவம்பர் 9

இந்த ஆண்டு பனி இறங்குவதற்கு முன்பே பிக்கப்பின் முன்பக்கத்தில் ஃபாக் லைட் பொருத்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். மூடுபனியில் ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும் என்பது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடித்து, அதில் ஒரு பங்கை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதுதான் அதற்குக் காரணம். பார்வைக் கோட்டுக்கு அருகில், உயரமாகச் செல்லும் ஒளிதான் இப்படி அதிகமாகத் திரும்பி வருகிறது. ஆகவே மூடுபனிக்குத் தேவைப்படுவது தாழ்வான இடத்திலிருந்து புறப்பட்டு, மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நின்று, சாலையின் இரு ஓரங்களுக்கும் அகலமாகப் பரவும் ஒளிதான். அதிகப் பிரகாசம் இங்கே உதவாது. பிக்கப்பில் ஓட்டுநர் உயரத்தில் அமர்கிறார் என்பதால், பம்பரில் இருக்கும் விளக்குக்கும் கண்ணுக்கும் இடைவெளி தானாகவே கூடுகிறது. இந்த வேலைக்கு இவ்வகை வண்டி பொருத்தமானது என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

நவம்பர் 11

விளக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலை எதிர்பார்த்ததைவிட நேரம் எடுத்தது. பிரகாசத்தைப் பெரிய எண்களில் விளம்பரப்படுத்தும் எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் மேல் விளிம்பை வெட்டி நிறுத்தும் அமைப்பே கிடையாது. அவை வேலைத்தளத்துக்கான விளக்குகளே தவிர, சாலைக்கானவை அல்ல. ஆகவே கண்ணாடியில் பொறித்திருக்கும் குறியை மட்டுமே பார்த்தேன். வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் எண்ணும் இருந்து, அருகில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்று இருந்தால் அது ஐ.நா.வின் வாகன விதிகளில் 19ஆம் விதிப்படி சோதிக்கப்பட்ட முன்புறப் பனிமூட்ட விளக்கு. அமெரிக்க முறையில் ‘எஸ்.ஏ.இ. எஃப்’ என்று இருக்கும். ஹாலஜன் விளக்குக் கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகும் வழக்கத்தையும் தவிர்த்துவிட்டேன். இழை இருக்க வேண்டிய இடத்தில், அதே அளவில், ஒளிமூலம் அமையாவிட்டால் கூட்டின் உட்புற வடிவமைப்பு முழுவதும் வீணாகி ஒளி மேலே சிதறிவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. மஞ்சளால் கிடைக்கும் நன்மை கண்ணின் பக்கம் இருக்கிறது. நீலக் கூறு நீங்குவதால் கண்கூச்சம் குறைகிறது. பிரான்சில் 1936 முதல் 1993 வரை ஹெட்லைட்டுகளே மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. நீண்ட நேரம் பனியில் ஓட்டும்போது கண் களைப்படைவது குறையும் என்ற அளவில் நானும் மஞ்சள் கண்ணாடி கொண்ட, எச்11 வகை 55 வாட் ஹாலஜன் ஜோடியையே தேர்ந்தெடுத்தேன்.

நவம்பர் 16

என் வண்டி அடிப்படை மாடல் என்பதால் பம்பரின் இரு மூலைகளிலும் விளக்குக்கான இடத்தைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருந்தார்கள். அவற்றைக் கழற்றித் தாங்கிகளைப் பொருத்தியதில் சிரமம் ஒன்றும் இல்லை. பம்பருக்குப் பின்னால் ஏர்பேக்கின் மோதல் உணரிகள் இருக்கக்கூடும் என்பதால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கை வைத்தேன். ஐ.நா.வின் 48ஆம் விதி இத்தகைய விளக்குகள் தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழேயோ, கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் 800 மில்லிமீட்டருக்கு மேலேயோ அமையக் கூடாது என்கிறது. என்னுடையவை 620இல் அமைந்துவிட்டன.

நவம்பர் 17

இன்று முழுவதும் வயரிங். 55 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும்; இரண்டும் சேர்ந்தால் 9 ஆம்பியரைத் தாண்டும். அந்த மின்னோட்டத்தை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் ரிலே கட்டாயம் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் எண் பின், 87ஆம் எண்ணிலிருந்து விளக்குகள், 85க்கும் 86க்கும் இடையே சுவிட்சின் சிறு மின்னோட்டம் என்று இணைத்தேன். ஃபியூஸை பேட்டரிக்கு வெகு அருகில் வைப்பதுதான் முக்கியம், ஏனெனில் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் உரசிப் பாடியில் பட்டால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

முதன்மை இணைப்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் பயன்படுத்தினேன். ஹாலஜன் விளக்கில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்துவிடும் என்பதால் மெல்லிய வயரில் சிக்கனம் பிடிப்பது பொருளற்றது. எர்த் இணைப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் நேரடியாகக் கொடுக்கவில்லை. அந்த முனையில் மின்னோட்ட உணரி இருக்கும் வண்டிகளில் அப்படிக் கொடுத்தால் இந்த விளக்குகள் இழுக்கும் மின்சாரம் கணக்கில் வராமல் போகும். சேஸியில் ஒரு போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு முனையை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன்.

சுவிட்சுக்கான மின்சாரத்தை பார்க்கிங் விளக்கின் வயரிலிருந்து எடுத்திருக்கிறேன். பார்க்கிங் விளக்கு அணைந்தால் இவையும் அணைந்துவிடும். இவற்றை மட்டும் மறந்துபோய் எரியவிட்டு பேட்டரி இறங்கும் வாய்ப்பு இல்லை. புதிய வண்டிகளில் அந்த வயரில் சீரான மின்சாரத்துக்குப் பதிலாக விட்டு விட்டு வரும் துடிப்புகள் இருக்கலாம், அதில் ரிலே படபடக்கும் என்பதால் முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது.

நவம்பர் 18

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், விளக்கின் முனையில் 13.6. வயரில் இழப்பு 0.3 வோல்ட்தான், போதும்.

நவம்பர் 23

இந்த வேலையின் உயிர்நாடி ஒளியின் சாய்வை அமைப்பதுதான். சமதளத்தில் சுவருக்கு நேரே 7.6 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் நாடா ஒட்டிக் குறித்து, ஒளியின் மேல் விளிம்பு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி அமைப்பது வழக்கமான முறை. 62 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்குக்கு இந்தச் சாய்வில் ஒளியின் விளிம்பு சுமார் 47 மீட்டரில் தரையைத் தொடும்.

காருக்கு இதோடு முடிந்துவிடும், பிக்கப்புக்கு முடியாது. பின்னால் முழு லோடு ஏற்றினால் என் வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் அதிகம் தாழ்கிறது. முன் பின் அச்சுகளுக்கு இடையே 3.2 மீட்டர் என்பதால், அந்தச் சிறிய தாழ்வு 7.6 மீட்டர் தொலைவில் ஒளியை 12 சென்டிமீட்டர் உயர்த்திவிடுகிறது. காலி வண்டியில் 10 சென்டிமீட்டர் தாழ்வாக அமைத்த விளிம்பு, லோடோடு போகும்போது மட்டத்துக்கு மேலே ஏறிப் பனிக்குள்ளும் எதிரே வருபவரின் கண்ணிலும் நேராகப் பாய்கிறது. நல்ல விளக்கு வாங்கியும் பயனில்லை என்று பிக்கப் ஓட்டுநர்கள் சொல்வதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனவே வழக்கமாகக் கொண்டுபோகும் பாதி லோடை ஏற்றிவிட்டு, அந்த நிலையில் 10 சென்டிமீட்டருக்கு அமைத்தேன். முழு லோடில் விளிம்பு 4 சென்டிமீட்டர் தாழ்விலேயே நிற்கிறது. காலி வண்டியில் 16 சென்டிமீட்டர் தாழ்ந்து, ஏறக்குறைய 29 மீட்டரில் தரையைத் தொடுகிறது. டயர்க் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்த பிறகே அளந்தேன். இறுதியில் ஒவ்வொரு தாங்கியின் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். குலுக்கலில் போல்ட் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

டிசம்பர் 7

விடியற்காலையில் அடர்ந்த பனியில் ஓட்டிப் பார்த்தேன். டிம் மட்டும் போட்டபோது கரைந்து போயிருந்த சாலையோர வெள்ளைக்கோடு, ஃபாக் லைட்டைப் போட்டதும் இரு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. வளைவுகளில் அந்த அகலம் பெரிய துணை. தொலைவு மட்டும் கூடவில்லை, கூடவும் கூடாது. ஈரச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நிற்க, சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து 23 மீட்டர் அளவுக்குத் தேவை. காலி வண்டியில் என் ஒளி 29 மீட்டர்தான் என்பதால் அந்த வேகத்துக்கு மேல் போவதில்லை என்று வைத்திருக்கிறேன். பனி விலகியதும் விளக்கை அணைத்துவிட்டேன். தெளிந்த சாலையில் வண்டிக்கு அருகே விழும் அதிக வெளிச்சம் தொலைவைப் பார்க்கும் கண்ணின் திறனைக் குறைக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது இடது விளக்கின் உள்ளே லேசான ஈரம் படிந்திருந்தது. காற்றுத் துளையில் சேறு அடைத்திருந்தது. துடைத்துச் சிறிது நேரம் எரியவிட்டதும் ஈரம் நீங்கிவிட்டது. போல்ட்டுகளின் மேல் இழுத்த வெள்ளைக் கோடுகள் இரண்டும் விலகவில்லை.