ராத்திரி திருப்பிப் போடுவது யார்?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மூக்கில் டியூபும் யூரின் பையுமாக டிஸ்சார்ஜ் செய்தபோது எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று சொன்னார்கள். படுத்தே கிடப்பவரைப் படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது, டியூபில் கஞ்சியை எப்படி விடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. அறுபது தாண்டிய அம்மாவின் தலையில்தான் அத்தனையும் விழுந்தது.

ஏஜென்சியில் ஆள் வைத்துப் பார்த்தோம். பகல் டூட்டிக்கு மட்டும்தான் வருவார்கள். ஒருவர் பழகுவதற்குள் வேறொருவரை அனுப்பிவிடுவார்கள். கட்டணமும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிச் சொன்னார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழ்நாடு அரசுத் திட்டம். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நோய் ஆதரவு சிகிச்சை (நோயின் அவதியைக் குறைக்கும் பராமரிப்பு) தரும் நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள் என்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியவே தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் எழுதிக் கொடுத்தோம். கொஞ்சம் இழுத்தது. எங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரைப் பிடித்துப் பேசிய பிறகு வேலை நடந்தது.

நர்ஸ் வந்ததும் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பெலும்புக்குக் கீழே அம்மாவின் விரலை வைக்கச் சொன்னார். “அழுத்தி எடுங்கம்மா. வெளுத்துட்டு மறுபடி சிவந்தா பயமில்லை. வெளுக்காம அப்படியே இருந்தா புண்ணு ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்.” அப்பா நல்ல கறுப்பு, சிவப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும் பழக்கினார். அப்படி இருந்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாதாம். அந்தப் பக்கம் பாரம் விழாமல் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தார். எங்களுக்குத் தோன்றவே தோன்றாத விஷயம் அது.

டியூபில் கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். கஞ்சியை வடிகட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். கொடுத்து முடித்து அரை மணி நேரமாவது மட்டமாகச் சாய்க்கக் கூடாது. இருமினால் உடனே நிறுத்திவிட வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடித்துக் கரைக்க முடியாது, சிலவற்றைப் பொடித்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும் என்பதால் டாக்டரிடம் கேட்டு மாற்றி வாங்கினோம். தூக்கி உட்கார வைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கிளம்பும்போது நர்ஸ் கேட்டார்: “பகல்ல சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடறது யாரு?” அம்மா சட்டென்று, “நான்தான் கண்ணு” என்றார். நர்ஸ் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் தம்பியையும் பார்த்தார். அடுத்த தடவை தன்னார்வலர் அப்பாவுக்கு பிரஷர் பார்த்துவிட்டு, அதே பட்டையை அம்மா கையிலும் சுற்றினார். அம்மாவுக்குத்தான் அதிகமாக இருந்தது. மனைவிதான் பார்க்க வேண்டும், அதுதான் முறை என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்கிறவருக்கும் ஒரு உடம்பு இருக்கிறதே! அதை யார் பார்ப்பது என்று எவரும் கேட்பதில்லை. எனக்கு அதில் ஆறாத கோபம்.

இப்போது ராத்திரியை நானும் தம்பியும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். லேசில் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தோம். அவருக்கும் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. விழுங்க வருகிறதா என்று டாக்டர் சோதித்துப் பார்த்து அப்பாவின் மூக்கு டியூபை எடுத்துவிட்டார். குழைந்த சாதத்தை உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுகிறார். யூரின் டியூப் மட்டும் இன்னும் இருக்கிறது. அதை எப்போது எடுக்கலாம் என்று அடுத்த முறை நர்ஸ் வரும்போது கேட்க வேண்டும்.