கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல நர்சிங் சேரணுமா? முதல் கிளாஸ் ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

நம்ம ஊர்ல பி.இ, பி.காம், எம்.எஸ்சின்னு ஏதோ ஒண்ணு முடிச்சிட்டு, கல்யாணம் ஆகி எச்4 விசால (எச்1பி-ல வேலை பாக்குறவங்களோட துணைக்கு குடுக்குற விசா) சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா வந்து, பசங்க ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சதும் "அக்கா, நர்சிங் பண்ணலாம்னு தோணுது, எங்க ஆரம்பிக்கணும்?"னு கேக்குற தங்கச்சிங்க நெறைய பேர். நானும் அதே வழியில வந்தவதான், கம்யூனிட்டி காலேஜ்ல ஏடிஎன்ங்கிற நர்சிங் அசோசியேட் டிகிரி முடிச்சு ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) லைசன்ஸ் வாங்கி இப்போ ஆஸ்பத்திரில மெட்-சர்ஜ் ஃப்ளோர்ல (பொது மருத்துவம், ஆபரேஷன் பேஷண்ட் இருக்கிற வார்டு) வேலை பாக்குறேன். போன்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் பாதி பாதியா சொல்றத இங்க முழுசா எழுதிடறேன். இது கலிபோர்னியா கணக்கு, வேற ஸ்டேட்ல இருந்தா விதிமுறை மாறும். ஊர்லயே பி.எஸ்சி நர்சிங் இல்ல ஜிஎன்எம் முடிச்சவங்களா இருந்தா திரும்ப முதல்ல இருந்து படிக்க ஓடாதீங்க, மாநில நர்சிங் போர்டுல உங்க படிப்ப மதிப்பிட சொல்லி அப்ளை பண்ணுங்க, அவங்க என்ன குறையுதுன்னு சொல்றாங்களோ அத பாத்துட்டு முடிவு பண்ணலாம்.

மத்தவங்களுக்கு நான் சொல்ற முதல் வேலை, கிளாஸ் எடுக்குறதுக்கு முன்னாடியே நீங்க சேர நினைக்கிற மூணு நாலு காலேஜோட நர்சிங் பாயின்ட் ஷீட்ட (எதுக்கு எவ்வளவு பாயின்ட்னு போட்டிருக்கிற பட்டியல்) டவுன்லோட் பண்ணி பக்கத்துல வச்சு படிங்க. சீட் கிடைக்குமா கிடைக்காதாங்கிறது அப்ளிகேஷன் போடுற மாசத்துல முடிவாகுறது இல்ல, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எந்த கிளாஸ், எந்த காலேஜ்ல, என்ன கிரேட்னு எடுத்தீங்களோ அப்பவே பாதி முடிவாயிடும். சில காலேஜ்ல மினிமம் தகுதி இருக்கிற எல்லாரையும் போட்டு லாட்டரி குலுக்குவாங்க. பல காலேஜ்ல மல்ட்டி கிரைட்டீரியா ஸ்கிரீனிங்னு பாயின்ட் சிஸ்டம் இருக்கு. சயின்ஸ் ஜிபிஏ (சயின்ஸ் கிளாஸ் கிரேடோட சராசரி), டீஸ்ங்கிற (TEAS) நர்சிங் நுழைவுத் தேர்வு ஸ்கோர், ஏற்கனவே இருக்கிற டிகிரி, ஹெல்த்கேர்ல வேலை செஞ்ச இல்ல வாலன்டியர் பண்ண அனுபவம், குடும்பத்துல முதல் முதலா காலேஜ் போறவங்களா, குறைஞ்ச வருமானமான்னு ஒவ்வொண்ணுக்கும் பாயின்ட்.

இதுல நம்ம ஆளுங்க கவனிக்காம விடுறது மொழிக்கான பாயின்ட். இங்கிலீஷ் தவிர இன்னொரு மொழி தெரிஞ்சா அதுக்கும் பாயின்ட் உண்டு, கலிபோர்னியா சட்டத்துல ஸ்பானிஷ், டகாலாக், சைனீஸோட சேர்த்து இந்திய துணைக்கண்டத்து மொழிகளும்னு எழுதியிருக்கு. தமிழ் தெரியும்னு எப்படி நிரூபிக்கணும்னு காலேஜுக்கு காலேஜ் வேறுபடும், ஊர்ல தமிழ் பாடம் படிச்ச மார்க் ஷீட்ட ஏத்துக்குவாங்களான்னு கவுன்சிலர்கிட்ட ஈமெயில்லயே கேட்டு பதில பத்திரமா வச்சுக்கோங்க. ஒரு பாயின்ட்ல சீட் போனவங்கள எனக்கு தெரியும்.

ப்ரீரெக்னு சொல்ற, நர்சிங்ல சேர்றதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டிய கிளாஸ்ல முக்கியமானது அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூணும் லேபோட, அப்புறம் இங்கிலீஷ் காம்போசிஷன். இதுக்கெல்லாம் முன்னாடி கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்திருக்கணும்னு சில காலேஜ்ல கேப்பாங்க. ஊர்ல பிளஸ் டூல பயாலஜில 190 வாங்கினேன், பி.எஸ்சி மைக்ரோ முடிச்சேன்னு சொன்னாலும் பெரும்பாலும் நடக்காது, சயின்ஸ் இங்க அக்ரிடிடேஷன் (அங்கீகாரம்) உள்ள காலேஜ்ல எடுத்ததா இருக்கணும், அதுவும் சில இடத்துல 5 வருஷம் இல்ல 7 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். டிகிரிக்கு பாயின்ட் வேணும்னா கோர்ஸ்-பை-கோர்ஸ் இவால்யுவேஷன் (ஊர்ல படிச்ச ஒவ்வொரு பாடத்தையும் இங்கத்த கணக்குக்கு மதிப்பிட்ட ரிப்போர்ட்) கேப்பாங்க, யூனிவர்சிட்டில இருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர மாசக்கணக்கா ஆகும், அதனால ஊருக்கு போறப்பவே அந்த வேலைய முடிச்சிடுங்க.

இன்னொண்ணு, பே ஏரியால இருக்கிற ரெண்டு கம்யூனிட்டி காலேஜ்ல டி ஆன்சா குவார்ட்டர் சிஸ்டம், ஓலோனி செமஸ்டர் சிஸ்டம். டி ஆன்சால அனாட்டமியும் ஃபிசியாலஜியும் கலந்து மூணு குவார்ட்டரா வரும், அதுல ரெண்டு மட்டும் முடிச்சிட்டு வேற காலேஜுக்கு மாறினா எடுத்தது எதுவுமே முழுசா கணக்குல வராது. எங்க ஆரம்பிச்சீங்களோ அந்த சீரிஸ அங்கயே முடிங்க. அதே மாதிரி ஒரு கிளாஸ் சரியா போகலன்னா திரும்ப எடுக்கலாம்னு லேசா நினைக்காதீங்க, ரிபீட் பண்ணா பாயின்ட் குறைக்கிற காலேஜ் உண்டு. பசங்களுக்கு உடம்பு சரியில்லாத சீசன்ல ரெண்டு சயின்ஸ் சேத்து எடுக்காதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கெஞ்சுறது இதுக்குத்தான்.

காசு விஷயம். கலிபோர்னியா ரெசிடென்ட்டுக்கு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், குவார்ட்டர் யூனிட்டுன்னா 31. அதாவது 5 யூனிட் அனாட்டமி 230 டாலர்ல முடியும், கூட சில்லறை ஃபீஸ் வரும். நான்-ரெசிடென்ட்னா பல மடங்கு. டேர்ம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வருஷமும் ஒரு நாளும் இங்க இருந்திருக்கணும், அதுக்கு லீஸ், டாக்ஸ், லைசன்ஸ்னு ஆதாரம் எடுத்து வைங்க. எச்4-ல படிக்க எஃப்1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாற தேவையில்ல, ஆனா முடிச்சிட்டு வேலைக்கு போக ஈஏடியோ (வேலை செய்ய அனுமதி கார்டு) கிரீன் கார்டோ வேணும், இத ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டு இறங்குங்க. ஃபெடரல் எய்ட் (அமெரிக்க மத்திய அரசோட படிப்பு உதவி) எச்4-க்கு கிடையாது. கிரீன் கார்டு இருந்தாலும் ஊர்ல டிகிரி முடிச்சிருந்தா பெல் கிரான்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவிப்பணம்) வராது, லோன்தான்.

படிக்கிற விதத்துக்கு வரேன், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. அனாட்டமில 206 எலும்பு பேர் மட்டும் தெரிஞ்சா போதாது, ஒவ்வொரு எலும்புலயும் இருக்கிற மேடு, பள்ளம், ஓட்டை எல்லாம் கேப்பாங்க, லேப் பிராக்டிகல்ல ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு ஒரு நிமிஷத்துல பேர் எழுதணும், ஸ்பெல்லிங் தப்புன்னா பல புரொஃபசர் மார்க் குறைப்பாங்க. புத்தகத்துல இருக்கிற அழகான படத்த பாத்து படிச்சா லேப் மாடல்ல அடையாளம் தெரியாது. ஓப்பன் லேப் நேரத்துக்கு போய் மாடல போன்ல நாலு பக்கத்துல இருந்தும் போட்டோ எடுத்து, அதையே ஆன்கிங்கிற ஃப்ளாஷ்கார்டு ஆப்ல கார்டா போட்டு தினம் ஓட்டுங்க, பேர கையால எழுதி பாருங்க. புத்தகம் வாங்க காசு போடாதீங்க, ஓப்பன்ஸ்டாக்ஸ் அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி ஆன்லைன்ல இலவசம்.

ஃபிசியாலஜிக்கு மனப்பாடம் உதவாது. நான் தமிழ்ல வாய்விட்டு சொல்லித்தான் படிச்சேன், சமைக்கும்போது, கார் ஓட்டும்போது. ரத்த அழுத்தம் குறையுது, கிட்னி ரெனின் விடுது, கடைசில ஆல்டோஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் வருது, அது சோடியத்த திரும்ப உள்ள இழுக்குது, தண்ணி அது பின்னாடியே வருது, பொட்டாசியம் வெளிய போகுது, ரத்த அழுத்தம் ஏறுது. இத உங்க அம்மாவுக்கு புரியுற மாதிரி சொல்ல வந்துச்சுன்னா எக்ஸாம்ல கேள்விய எப்படி திருப்பினாலும் பதில் வரும். இன்னைக்கும் ஃப்ளோர்ல ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை குடுக்குறதுக்கு முன்னாடி பொட்டாசியம் லேப் வேல்யூ பாக்குறப்ப அந்த சங்கிலிதான் மனசுல ஓடுது, ஆல்டோஸ்டிரோன தடுத்தா பொட்டாசியம் உடம்புலயே தங்கிடும்ல. ப்ரீரெக்க கிரேடுக்காக மட்டும் படிக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான், நர்சிங் ஸ்கூல்ல இத யாரும் திரும்ப நடத்த மாட்டாங்க. மைக்ரோ இதோட பாக்க லேசு, கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவுக்கு சாயம் போட்டு வகை பிரிக்கிற முறை) ஸ்டெப்ப கண்ண மூடிட்டு சொல்ற அளவுக்கு பழகிட்டு, அன்நோன் பாக்டீரியா கண்டுபிடிக்கிற புராஜக்ட்ட கடைசி வாரத்துக்கு தள்ளாம இருந்தா போதும்.

டீஸ் எக்ஸாம் மொத்தம் 170 கேள்வி, 209 நிமிஷம். ரீடிங் 45, மேத்ஸ் 38, சயின்ஸ் 50, இங்கிலீஷ் 37. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜுக்கு 62 சதவீதம் பாஸ் மார்க், ஆனா பாயின்ட் சிஸ்டம் இருக்கிற இடத்துல 62 வச்சு எதுவும் பண்ண முடியாது, எவ்வளவு மேல போறீங்களோ அவ்வளவு பாயின்ட். நம்ம ஊர்ல படிச்சவங்களுக்கு மேத்ஸ் பெருசா பயமில்ல, கால்குலேட்டரும் ஸ்கிரீன்லயே இருக்கு, கால வாருறது அவுன்ஸ், குவார்ட், கேலன், ஃபாரன்ஹீட் இந்த அளவுகள்தான், அத மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. ரீடிங்ல நம்ம அறிவுல இருந்து பதில் சொல்லக்கூடாது, குடுத்திருக்கிற பத்தியில என்ன இருக்கோ அத வச்சு மட்டும்தான். இங்கிலீஷ்ல 37 நிமிஷத்துக்கு 37 கேள்வி, கமா எங்க போடணும், வினைச்சொல் ஒருமையா பன்மையான்னு கேக்குற கேள்விய ஒரு மாசம் தினமும் பழகணும். சயின்ஸ்ல அனாட்டமி ஃபிசியாலஜிதான் அதிகம், அதனால அந்த ரெண்டு கிளாஸும் முடிச்ச சூட்டோட எழுதுங்க. எத்தனை தடவ எழுதலாம், எந்த ஸ்கோர் எடுத்துக்குவாங்கன்னு பாயின்ட் ஷீட்லயே இருக்கும்.

அனுபவ பாயின்ட்டுக்கு சிஎன்ஏ (நர்சுக்கு உதவியாளர்) கோர்ஸ் நல்ல வழி, கலிபோர்னியால 160 மணி நேரம் டிரெயினிங், அதுல 100 மணி நேரம் நேரா பேஷண்ட் பக்கத்துல. பாயின்ட்ட விடுங்க, ஒரு வயசானவங்கள குளிப்பாட்டி, டயப்பர் மாத்தி, ஊட்டி விட்ட பிறகும் இந்த வேலை வேணும்னு தோணுதான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். சொந்தக்காரங்க "இஞ்சினியரிங் படிச்சிட்டு நர்ஸ் வேலையா"ன்னு கேப்பாங்க, அதுக்கு பதில் அங்க தான் கிடைக்கும்.

அப்ளை பண்ணிட்டு காத்திருக்கிற நேரத்துல ஹெல்த் டாக்குமென்ட் வேலைய ஆரம்பிச்சிடுங்க. நம்ம சின்ன வயசு ஊசி கார்டு யார்கிட்டயும் இருக்காது, அதனால எம்எம்ஆர், சின்னம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாத்துக்கும் ரத்தத்துல டைட்டர் (எதிர்ப்பு சக்தி இருக்கான்னு காட்டுற டெஸ்ட்) பாக்கணும். ஹெப் பி-க்கு எதிர்ப்பு சக்தி இல்லன்னு வந்தா வழக்கமான மூணு ஊசி முடிக்க ஆறு மாசம் ஆகும். டிபி டெஸ்ட்டுக்கு கையில குத்துற ஸ்கின் டெஸ்ட் வேணாம், நமக்கு பிசிஜி போட்டிருக்கறதால அது பொய்யா பாசிட்டிவ் காட்ட வாய்ப்பு இருக்கு, குவான்டிஃபெரான்னு ரத்த டெஸ்ட் கேளுங்க, பிசிஜி அத பாதிக்காது. பிஎல்எஸ் (சிபிஆர் மாதிரி உயிர் காக்குற முதலுதவி) கார்டு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனோடது, ரெண்டு வருஷம் செல்லும், அத மட்டும் சீட் உறுதியானதும் எடுத்தா போதும்.

ஆல்டர்நேட் லிஸ்ட்ல (காத்திருப்பு பட்டியல்) பேர் வந்தா மனச விட்டுடாதீங்க. ஒருத்தரே நாலு காலேஜுக்கு போட்டு ஒண்ணுல சேருவாங்க, மத்த சீட் எல்லாம் காலியாகும், கிளாஸ் ஆரம்பிக்கிற வாரம் வரைக்கும் கூப்பிடுவாங்க. அப்ப பதில் சொல்ல ரொம்ப குறைஞ்ச நேரம்தான் குடுப்பாங்க, டைட்டர், டிபி ரிப்போர்ட் எல்லாம் கையில இருக்கிறவங்க உடனே சரின்னு சொல்லிடலாம். ஸ்பேம் ஃபோல்டரையும் தினமும் ஒரு தடவ பாருங்க.