குடை மறைக்கும் நேரம்

வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாளுக்கு முந்தைய இரவில் காஞ்சிபுரம் தூங்குவதில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து மாலையே வந்துவிட்டவர்கள் திண்ணைகளிலும் கடை வாசல்களிலும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். இந்த ஆண்டு நானும் அம்மாவும் இரண்டு மணிக்கே பிள்ளையார்பாளையத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். சின்னக் காஞ்சிபுரம் வரை நடந்தே போனோம். விளக்கடி கோயில் தெருவுக்குள் நுழைந்தபோது தண்ணீர்ப் பந்தல்களில் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றாம் நாளில் வரதராஜப் பெருமாள் கருடன் மேல் எழுந்தருளும் கருட சேவையைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். ஆனால் கோபுர வாசலில் நின்று சேவிக்கப் போவது இதுவே முதல்முறை.

ஏன் இத்தனை நாள் கோபுர வாசலுக்குப் போகவில்லை என்றால், தாத்தா போகமாட்டார்.

தாத்தா பட்டு நெசவாளர். 1945இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தன் அப்பாவின் தறியில் கரை கோர்க்க உட்கார்ந்தார். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைகளுக்கும் தலா ஒரு நாடா என மூன்று ஓட வேண்டும். நெய்பவரின் கை எட்டாத பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிப் போடும். அப்படி உட்கார்ந்த பிள்ளை பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் நெய்தார். அவர் நெய்த சேலைகளை யார் யார் எந்தக் கல்யாணத்தில் கட்டினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் நெய்ததாக இருப்பது பாட்டியின் ஒரு சேலையும், அம்மாவின் முகூர்த்தப் புடவையும் மட்டும்தான்.

வீட்டில் விடிவதே தறிச் சத்தத்தில்தான். பாட்டி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தாத்தா குளித்து நாமம் இட்டுக்கொண்டு, தறிக்கு மேலே மாட்டியிருக்கும் வரதர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குழியில் இறங்குவார். இறங்குவதற்கு முன் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பூஜை என்று தனியாக அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. நெய்யும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்ன சொல்கிறார் என்று ஒருநாள் குனிந்து கேட்டேன். "அத்தியூரான்" என்ற ஒரே பெயர்தான். பூதத்தாழ்வார் இந்தப் பெருமாளை அப்படித்தான் அழைக்கிறார். அத்தியூர் என்னும் இந்த இடத்தின் பழைய பெயரிலிருந்து வந்தது. நாடா ஒருமுறை இந்தப் பக்கம் வந்தால் ஒரு பெயர், அந்தப் பக்கம் போனால் ஒரு பெயர்.

அவருக்கு மிகப் பிடித்த அடியார் திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லியில் பிறந்த நம்பி, வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். விசிறும் கையோடு பெருமாளிடம் பேசியவர் என்றும், பெருமாளும் அவரிடம் பேசினார் என்றும் சொல்வார்கள். ராமானுஜரே தன் மனதில் இருந்த சந்தேகங்களைப் பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பியைத்தான் வேண்டினார். ஆறு வாக்கியங்களாகப் பதில் வந்தது. நம்பி உண்ட மிச்சத்தை உண்ண ராமானுஜர் ஆசைப்பட்டதையும், நம்பியின் குலத்தைப் பார்த்து ராமானுஜரின் மனைவி அவர் உண்ட இடத்தைக் கழுவிவிட்டதையும் தாத்தா சொல்லும்போது குரல் கம்மிவிடும். "இத்தனை பெரிய வித்வான்கள் இருந்த ஊரில், பெருமாள் யாரிடம் பேசினார் பார்த்தாயா பாப்பா? கையால் வேலை செய்துகொண்டிருந்தவரிடம்." இதை எத்தனை தடவை சொன்னாலும் புதிதாகச் சொல்வதைப் போலவே சொல்வார்.

அம்மாவின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது, அவர் நெய்து கொடுத்த மூன்று சேலைகளுக்கான கூலியை ஒரு வியாபாரி நிறுத்தி வைத்துவிட்டார். சேலையில் குறை என்றார். குறை எதுவென்று காட்டவில்லை. ஒரு பாவில் மூன்று சேலை. அது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. பாட்டி மூக்குத்தியைக் கழற்றி அடகு வைத்தாள். தாத்தா அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போய் அனந்தசரஸ் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பினார். "பெருமாளிடம் கேட்டீர்களா?" என்று பாட்டி கேட்டிருக்கிறாள். "கேட்கப் போகவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்" என்றாராம். மறுநாள் விடியற்காலை வழக்கம்போலத் தறிச் சத்தம் கேட்டது என்று அம்மா சொல்வாள். அந்தக் கூலி கடைசிவரை முழுதாக வரவில்லை. கல்யாணம் நடந்தது.

அனந்தசரஸில் போய்ச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் குளத்தின் நீராழி மண்டபத்துக்கு அடியில்தான் அத்திவரதர் சயனித்திருக்கிறார். அத்தி மரத்தால் ஆன பழைய மூலவர். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரை இறைத்து அவரை வெளியே எழுந்தருளச் செய்வார்கள். 1979இல் தாத்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஏழு வயது அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேவித்தார். அம்மாவுக்கு விளக்கொளியும் மாலைகளின் வாசனையும், வியர்வையில் நனைந்திருந்த அவர் தோளும் மட்டுமே ஞாபகம் இருக்கின்றன. திரும்பும் வழியில், "அடுத்த முறை நீ உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாய்" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கில் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் தறிக் குழியில் தண்ணீர் ஊறும். ஈரத்தில் பட்டு இழை படியாது, பாவு தளரும், வேலை நின்றுபோகும். வேலை நின்றால் கூலி கிடையாது. பாட்டி புலம்புவாள். தாத்தா சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டே, "அவருக்கு நாற்பது வருஷம் தண்ணீருக்குள்ளே. நமக்கு நாலு நாள்தானே" என்பார். சிறுவயதில் எங்கள் குழிக்கும் அனந்தசரஸுக்கும் அடியில் ஏதோ வழி இருக்கிறது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இடையில் மாமா தறியை விட்டு ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனார். தாத்தா தடுக்கவில்லை. மாமாவின் தறியைப் பிரித்தெடுத்த நாளில் மட்டும் சாப்பிடாமல் படுத்தார். என்னைப் படிக்க வைத்ததும் அவருடைய ஒற்றைத் தறிதான்.

2019 ஜூலை 1 அன்று அத்திவரதர் எழுந்தருளினார். ஆகஸ்ட் 17 அன்று மீண்டும் குளத்துக்குள் செல்லும்வரை நாற்பத்தெட்டு நாள். முதல் முப்பத்தொரு நாள் சயனத் திருக்கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற திருக்கோலம். தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னை தவித்துக்கொண்டிருந்த அந்தக் கோடையின் முடிவில், லட்சக்கணக்கான மக்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். எழுபத்து நான்கு வயது தாத்தாவை முதல் வாரத்திலேயே அழைத்துப் போனோம். இரவு முழுவதும் கண்ணை மூடவில்லை அவர். விடியும் முன்பே கிழக்குக் கோபுரம் வழியாக வரிசையில் நகர்ந்து வசந்த மண்டபத்துக்கு வந்தோம். அந்த நீண்ட திருமேனியின் முன் எங்களுக்குக் கிடைத்தவை சில விநாடிகள். எல்லோரும் கைகூப்பித் தவித்துக்கொண்டிருக்க, தாத்தா கையைக் கூப்பவில்லை. இரண்டு கைகளையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தபடியே நின்றார். நகரச் சொன்னார்கள், நகர்ந்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவின் கையைப் பிடித்தார். "நீ கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய்" என்றார்.

நின்ற திருக்கோலத்தை அவர் சேவிக்கவில்லை. அந்த நடையிலேயே முழங்கால் வீங்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் மிதியை மிதித்த கால். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கோயிலுக்குள் அத்திகிரி என்னும் சிறு மலை மேல் இருக்கும் வரதரைச் சேவிக்க அந்த இருபத்து நான்கு படிகளை ஏறுவதை அவர் நிறுத்திக்கொண்டு, கீழே அழகியசிங்கர் சன்னிதியிலேயே நின்றுவிடுவார். ஆகஸ்டில் கூட்டம் இன்னும் பெருகியது. நானும் அம்மாவும் மட்டும் போய் ஏழெட்டு மணி நேரம் நின்று சேவித்துவிட்டுத் திரும்பினோம். தாத்தா தறியில் உட்கார்ந்திருந்தார். நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முகம் எப்படி இருந்தது, எவ்வளவு உயரம், என்ன அலங்காரம் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன்.

"என்ன பட்டு கட்டியிருந்தார்?"

"நீலப் பட்டு, தாத்தா."

"கரை?"

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. நெசவாளரின் பேத்தி அத்தனை மணி நேரம் நின்று, கரையைப் பார்க்காமல் திரும்பியிருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். "பரவாயில்லை பாப்பா. அடுத்த முறை பார்த்து வந்து சொல்." பிறகு நாடா ஓடத் தொடங்கியது.

கருட சேவைக்கு வருகிறேன்.

அந்த நாளில் பெருமாள் விடியற்காலையில் கோபுர வாசலுக்கு எழுந்தருளும்போது, ஒரு கணம் பெரிய குடைகளால் அவரை மறைப்பார்கள். தொட்டாசாரியார் சேவை என்று பெயர். சோளிங்கரில் வாழ்ந்த தொட்டாசாரியார் ஆண்டுதோறும் காஞ்சிக்கு வந்து கருட சேவை சேவித்தவர். ஒரு வருடம் முடியாமல் போனது. சோளிங்கரிலேயே தக்கான் குளத்தின் கரையில் நின்று, கோபுர வாசலில் இந்நேரம் பெருமாள் எழுந்தருளியிருப்பாரே என்று உருகினார். கருடன் மேல் வரதர் அங்கேயே அவருக்குக் காட்சி கொடுத்தார். தேவராஜ பஞ்சகம் அப்போது அவர் பாடியதுதான். அந்த நேரம் பெருமாள் இங்கே இல்லை, அங்கே போயிருக்கிறார் என்பதற்காகத்தான் இந்தக் குடை.

தாத்தா கோபுர வாசலுக்கு வராமல், எங்கள் பக்கத்துக்கு அருகில் இருக்கும் கங்கைகொண்டான் மண்டபத்தில்தான் நிற்பார். காலையில் பெருமாள் அங்கே வருவார். சேவித்துவிட்டு நேராகத் தறிக்குத் திரும்பிவிடலாம். அரை நாள் போனால் அரை நாள் கூலி போகும் என்ற காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. ஆனால் விடியற்காலை, பெருமாள் கோபுர வாசலுக்கு வரும் நேரத்தைக் கணக்காகத் தெரிந்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் தறியில் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். "வர முடியாதவனுக்காகப் பிடிக்கிற குடை அது. எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு" என்பார்.

அவர் 2022 மார்கழியில் போனார். அதன் பிறகு கருட சேவைக்குப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த ஆண்டு அம்மாதான் சொன்னாள், இந்த முறை கோபுர வாசலுக்கே போகலாம் என்று.

வாத்தியம் முதலில் கேட்டது. பிறகு தீவட்டிகள். ராஜகோபுரத்தின் இருட்டிலிருந்து கருடனின் விரிந்த சிறகு வெளியே வந்தபோது கூட்டம் ஒரே குரலாகியது. எனக்கு முன்னால் நின்ற ஒரு கிராமத்துப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நுனிக்காலில் எழும்பினார். பெருமாளின் முகத்தை நான் ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். உடனே குடைகள் சாய்ந்து மறைத்தன. சத்தம் அடங்கியது. அம்மா என் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். கண்ணை மூடவேண்டும் என்று தோன்றவில்லை எனக்கு. அந்த வெண்மையான குடைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக் குழித்தறி வரை போய்வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் கேட்டதில்லை.

குடைகள் விலகின.

வெளிச்சம் வந்த பிறகு கங்கைகொண்டான் மண்டபத்துக்கும் போய், அவர் வழக்கமாகச் சாய்ந்து நிற்கும் தூணருகே நின்றோம். இங்கே பெருமாளை நெருக்கத்தில் சேவிக்க முடிந்தது. மாலைகளுக்குக் கீழே பட்டு தெரிந்தது. இந்த முறை பார்த்தேன். கோர்வை இல்லாத சேலையில் உடலின் ஊடை நிறம் கரையிலும் கலந்து கரை மங்கித் தெரியும். கோர்வையில் கலக்காது. இதை எனக்கு அவர்தான் தன் நகத்தால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் தறியிருந்த அறைக்குப் போனேன். குழியைப் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறோம். கோயிலிலிருந்து கொண்டுவந்த துளசியை அம்மா அந்தப் பலகை மேல் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பச்சைப் பட்டு, தாத்தா. அரக்குக் கரை. தாழம்பூ ரேக்கு. கோர்வைதான்."