டி.சி. கைக்கு வராமலே தங்கச்சி மகளைப் பள்ளியில் சேர்த்தோம்

என் தங்கச்சி குடும்பம் கோடை விடுமுறையில் வேலூர் பக்கத்து இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து சென்னை புழல் காவாங்கரை முகாமுக்கு மாறி வந்தது. அவள் வீட்டுக்காரருக்குப் பெயிண்டிங் வேலை சென்னையில்தான் தொடர்ந்து கிடைக்கிறது. முகாம் மாற்றம் என்பதே பெரிய அலைச்சல். மனு போய், அனுமதி வந்து, குடும்ப அட்டை இங்கே பதிவாகிற வரைக்கும் நிம்மதி இருக்காது. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது அவள் மகளின் பள்ளிச் சேர்க்கை பற்றி மட்டும்.

பிள்ளை நான்காம் வகுப்பு முடித்திருந்தாள். அங்கே ஒரு சின்னத் தனியார் பள்ளியில், இங்கிலீஷ் மீடியம் என்று ஆசைப்பட்டுச் சேர்த்திருந்தார்கள். வேலை இல்லாத மாதங்களில் ஃபீஸ் பாக்கி விழுந்துவிட்டது. டி.சி. கேட்டதற்கு, "பாக்கியைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்று முடித்துக்கொண்டார்கள். இங்கே அரசுப் பள்ளிக்குப் போனால், "டி.சி. இல்லாம எப்படிம்மா சேர்க்கிறது?" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி திறந்து, முகாம் பிள்ளைகள் எல்லாம் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்து போகும்போது இவள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் படிப்பு நின்றுபோனால் என்னாகும் என்று நான் பார்த்தே வளர்ந்தவள். 1990-இல் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இலங்கையிலிருந்து மண்டபத்தில் வந்து இறங்கினார். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு சில வருடங்கள் மூடிக் கிடந்தது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த என் சின்ன மாமா அந்த வருடங்களில்தான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். கதவு திரும்பத் திறந்தபோது அவருக்கு வயது ஏறிவிட்டது, குடும்பமும் வந்துவிட்டது. இன்றைக்கும் பெயிண்ட்தான் அடிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. குழந்தை என்றுதான் அதில் இருக்கிறது, இந்தியக் குடிமகனின் குழந்தை என்று இல்லை. பிரிவு 5-இன்படி, பிள்ளை அரசுப் பள்ளிக்கு மாற விரும்பினால் பழைய பள்ளி உடனே டி.சி. தர வேண்டும், டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிரிவு 14 வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், டி.சி. என்பது கட்டண பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் வாயால் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. எழுதிக் கொடுத்தால் கேட்கிறார்கள். ஒரே பக்கத்தில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதினேன். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பழைய பள்ளி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்), எந்தத் தேதியிலிருந்து வீட்டில் இருக்கிறாள் என்பது, பிரிவு எண்கள், அவ்வளவுதான். கூடவே குடும்ப அட்டை நகல், வேலூரில் எடுத்த பிறப்புச் சான்றிதழ், இந்த முகாமில்தான் வசிக்கிறார்கள் என்று ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கையெழுத்துப் போட்ட கடிதம். இன்னொரு பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த முத்திரையை விட்டுவிடாதீர்கள், அடுத்த முறை போகும்போது பேச்சே மாறும். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்தேன்.

அப்புறம்தான் முடிச்சு எங்கே இருக்கிறது என்று புரிந்தது. காகித டி.சி.யை விட எமிஸ்தான் முக்கியம். பழைய பள்ளி கணினியில் பிள்ளையை 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதிய பள்ளி தன் பெயரில் எடுக்க முடியும். விடாத வரை அவள் அந்தப் பள்ளிக் கணக்கில்தான் இருப்பாள். இங்கே வகுப்பில் உட்கார்ந்தாலும் பெயர் ஏறாது. அதனால் மனுவில் 'டி.சி. பெற்றுத் தரவும்' என்று மட்டும் எழுதாமல், 'எமிஸ் தளத்தில் விடுவிக்க உத்தரவிடவும்' என்றும் எழுதுங்கள். அலுவலகத்திலிருந்து ஒரு போன் போனதும், எங்களால் முடியாதது நடந்துவிட்டது.

எமிஸ் வரும் வரை காத்திருக்காமல் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டது இங்கே உள்ள தலைமை ஆசிரியை. மனுவைப் படித்துவிட்டு, "நாளையிலிருந்து அனுப்புங்கம்மா, காலைச் சாப்பாட்டுக்கே வந்துடட்டும்" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. காலையில் இரண்டு பேரும் வேலைக்கு ஓடுகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று முகாமில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். தேசியம் என்ற கட்டத்தில் பழக்கத்தில் 'இந்தியன்' என்று எழுதிவிடுவார்கள். அன்றைக்கும் எழுதப் போனார்கள். நான் நிறுத்தி, அட்டையில் உள்ளபடி இலங்கைத் தமிழர் என்று போடச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்து, "நான் வேலூர்லதானே பிறந்தேன், பெரியம்மா?" என்றாள்.

அங்கேதான் பிறந்தாள். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2004 டிசம்பரிலிருந்து அது இன்னும் இறுகிவிட்டது. அவள் அம்மாவும் இந்த மண்ணில்தான் பிறந்தாள், அவளுக்கும் இல்லை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், எங்கும் சொல்வேன். ஆனாலும் பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, முகாம் அட்டையில் ஒன்று என்று இருந்தால், நாளைக்குக் கல்லூரியில் முகாம் மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை கேட்கும்போது பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்குப் பத்து வயது. "உண்மையா இருக்கிறதை எழுதுறோம் கண்ணு, உன் படிப்புக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாதுல்ல" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது பெயர் எமிஸில் ஏறிவிட்டது, புத்தகமும் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிய வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் எந்த நாட்டுக் கணக்கிலும் அவள் இல்லை. அதற்குப் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள். தங்கச்சி கல்யாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. முகாம்களில் இந்த வேலைகளுக்கெல்லாம் பல வருடங்களாகத் துணை நிற்கிற ஓபர் என்ற ஈழ அகதிகள் மறுவாழ்வு அமைப்பில் விவரம் கேட்டிருக்கிறோம். முதலில் திருமணப் பதிவு, அப்புறம் தூதரகம்.