தூணை விட்டு வெட்டும் சுரங்கம்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் நேற்று மேலூர் வந்ததும் ஒரு கட்டியை என் கையில் வைத்தான். செம்பழுப்பு நிறம், கருப்பட்டித் துண்டு மாதிரி. நாக்கில் வைத்தால் உப்பு!

செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில், தரைக்குக் கீழே 150 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் வெட்டியது. 1844-இல் நிலக்கரி தேடியவர்களுக்கு உப்பு அகப்பட்டிருக்கிறது. இடையில் மூடிக் கிடந்து, 1928-இல் மறுபடி திறந்தார்கள். பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியை உருக்கத் தூவ இந்த உப்புதான் போகிறது.

எனக்குப் பிடித்தது வெட்டும் முறை. மொத்தத்தையும் வழித்தெடுப்பதில்லை. கோவில் மண்டபம் போல உப்பிலேயே வரிசையாகத் தூண்களை விட்டுவிட்டு, நடுவில் மட்டும் வெட்டுகிறார்கள். மேலே இருக்கும் வயலையும் வீட்டையும் அந்தத் தூண்கள்தான் தாங்குகின்றன. வெட்டி முடித்த கூடங்களில் ஈரமே கிடையாது. அதனால் பழைய ஆவணங்களை அங்கே அடுக்கிப் பாதுகாக்கிறார்கள்.

நம் கீழவளவுப் பக்கம் கிரானைட் எடுத்த குழிகளில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. கல் வேறு, உப்பு வேறு, சரி. ஆனாலும் எடுத்த பிறகு அந்த இடம் என்ன ஆகும் என்று முதல் நாளே யோசித்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அப்பாவிடம் கட்டியைக் காட்டினேன். முப்பது வருஷம் உளி பிடித்தவர். விரலால் தடவிக்கொண்டே, "தூணுக்கு எவ்வளவு அகலம் விடுவாங்களாம்?" என்று கேட்டார்.