கொலையாளியின் பெயரைச் சுவரில் எழுதிய ஊர்

சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டாக்டன் சுரங்கப்பாதையின் தலைக்கு மேலே புஷ் தெரு போகிறது. கைப்பிடிச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தால், கீழே வண்டிகள் சுரங்கத்துக்குள் நுழைவது தெரியும். அங்கிருந்து சில அடி தள்ளி பரிட் தெரு. தெரு என்பது பெயரளவில்தான், ஒரு முட்டுச்சந்து. சந்து முனைச் சுவரில் ஓர் உலோகத் தகடு. சாம் ஸ்பேடின் கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சர் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் கொல்லப்பட்டார் என்கிறது அது. கொன்றவர் பெயரையும் முழுதாகப் போட்டிருக்கிறது.

ஸ்பேடும் ஆர்ச்சரும் அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலில் வரும் துப்பறிவாளர்கள். கருப்புப் பருந்துச் சிலை ஒன்றைத் தேடி அலைபவர்களின் கதை அது. நாவலின் பெயரோ ஹாமெட்டின் பெயரோ தகட்டில் இல்லை. உண்மையாகவே நடந்த கொலைக்குக் கல்வெட்டு வைப்பதுபோல வைத்துவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஓர் எழுத்தாளனுக்கு ஓர் ஊர் இதைவிடப் பெரிய மரியாதை செய்துவிட முடியாது.

புஷ் தெருவுக்கு எதிர்ப்புறம் இன்னொரு குறுகலான தெரு. மன்ரோ தெரு என்றிருந்த அதன் பெயர் இப்போது டாஷியல் ஹாமெட் தெரு. 1988-இல், சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையைத் தொடங்கிய கவிஞர் ஃபெர்லிங்கெட்டியின் முயற்சியால், நகரத்தின் சில தெருக்களுக்கு எழுத்தாளர்கள், கலைஞர்கள் பெயரை வைத்தார்கள். அவற்றுள் இதுவும் ஒன்று. ஹாமெட் கொஞ்ச காலம் இந்தத் தெருவில் குடியிருந்திருக்கிறார்.

நாவலை அவர் எழுதியது இங்கே இல்லை, போஸ்ட் தெரு 891-இல். ‘பிளாக் மாஸ்க்’ இதழில் 1929-இல் தொடராக ஆரம்பித்து, 1930-இல் புத்தகமானது. அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. மற்றவர்கள் குடியிருக்கும் வீடு என்பதால் வெளியே நின்று மேலே பார்த்ததோடு சரி. ஸ்பேடின் வீட்டுக்கும், சுவரோடு மடக்கி வைக்கும் அவனுடைய கட்டிலுக்கும் ஹாமெட்டின் சொந்த அறைதான் மாதிரி என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எழுத வருமுன் அவர் பிங்கர்ட்டன் நிறுவனத்தில் துப்பறிவாளர். ஆட்களைப் பின்தொடர்வதே பிழைப்பாக இருந்தவர். எந்த முனையில் நின்றால் எந்த வாசல் தெரியும் என்பது அப்படிப்பட்டவருக்கு அத்துப்படியாக இருக்கும். அதனால்தான் இந்த நாவலில் தெருக்கள் வெறும் பின்னணியாக நின்றுவிடவில்லை. பாத்திரங்களின் மனதுக்குள் ஹாமெட் ஓரிடத்திலும் நுழைவதில்லை. ஸ்பேட் தாளில் புகையிலையைப் பரப்பி, உருட்டி, நுனியை நாக்கால் நனைத்து ஒட்டுவதை வரிவரியாகச் சொல்வார். அவன் அப்போது என்ன நினைத்தான் என்று சொல்ல மாட்டார். பின்னால் வந்த எத்தனையோ குற்றக்கதைகள் இந்த நடையைத்தான் வரித்துக்கொண்டன.

மதியச் சாப்பாடு எல்லிஸ் தெருவில், 1908-இல் தொடங்கிய ஜான்ஸ் கிரில்லில். நாவலில் ஸ்பேட் இங்கே அவசர அவசரமாக இறைச்சித் துண்டங்களும், சுட்ட உருளைக்கிழங்கும், நறுக்கிய தக்காளியும் சாப்பிட்டுவிட்டு ஓடுவான். அதே தட்டு இன்றும் சாம் ஸ்பேட் பெயரிலேயே கிடைக்கிறது. ஓரம் கருகிய ஆட்டுக்கறி, எலும்பைப் பிடித்துக் கடிக்க நன்றாகவே இருந்தது. இந்த உணவகம் வைத்திருந்த கருப்புப் பருந்துச் சிலை 2007-இல் திருடுபோனது. பிறகு புதிதாக ஒன்று செய்து வைத்தார்கள்.

பருந்து என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது 1941-இல் வந்த படம்தான். பத்தே ஆண்டில் இந்த நாவல் மூன்றாவது முறையாகத் திரைக்கு வந்தது. ஜான் ஹியூஸ்டனுக்கு அதுதான் முதல் இயக்கம். ஹம்ஃப்ரி போகார்ட்டின் தொப்பி, விரலிடுக்கில் சிகரெட், அலுவலகச் சன்னல் கண்ணாடியில் எழுதிய பெயர் எல்லாம் அதன்பின் காமிக்ஸ், விளம்பரம், கார்ட்டூன் என்று எங்கும் பரவின. அந்தப் படத்துக்காக ஈயத்தில் வார்த்த பருந்து ஒன்று 2013-இல் 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு இதன் பொருத்தம் புரியும்.

ஆனால் நாவலின் ஆகச் சிறந்த பகுதி அந்தப் படத்தில் இல்லை. டகோமா ஊரில் ஃபிளிட்கிராஃப்ட் என்றொருவர், மதியம் சாப்பிடப் போனவர் திரும்பவே இல்லை. கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து ஓர் உத்தரம் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது. நடைபாதைச் சில்லு கன்னத்தில் கீறியதோடு தப்பிவிட்டார். எந்த நொடியும் இப்படிச் சாகலாம் என்று தோன்றியதும் மனைவி, பிள்ளைகள், தொழில் எல்லாவற்றையும் விட்டுப் போனவர், சில ஆண்டுகள் கழித்து ஸ்போக்கேனில் அதேபோன்ற இன்னொரு குடும்பத்தோடு அகப்படுகிறார். ஸ்பேட் இதைச் சொல்கிறான். கேட்பவள் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை. கொலைக்கும் பருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்தப் பக்கங்களுக்காகத்தான் நான் நாவலைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

போகிறவர்கள் பவல் ரயில் நிலையத்தில் இறங்கினால், மேலே வந்ததும் ஃபிளட் கட்டடம். பிங்கர்ட்டன் அலுவலகம் அதில்தான் இருந்தது. ஜான்ஸ் கிரில் அதை ஒட்டியே இருக்கிறது. அங்கே சாப்பிட்டுவிட்டு மெல்ல மேடேறினால் புஷ் தெரு வந்துவிடும். காற்று குளிரும், மேல்சட்டை அவசியம். நாவலை முடித்துவிட்டுப் போங்கள். அந்தத் தகடு யாருக்காகவும் ரகசியம் காப்பதில்லை.